எட்டு வாரம் க்ரீம் வேண்டாம்

அந்தக் குளிர்காலத்தில் என் தங்கை டெல்ஃபினின் தலைக்கு மட்டும் மூன்று டஜன் முட்டை செலவானது. மஞ்சள் கருவைத் தனியாக, வெள்ளையைத் தனியாக, மயோனைஸில் குழைத்து, ஆலிவ் எண்ணெயில் அடித்து என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் பூசிப் பார்த்தேன். பூசிக் காத்திருந்து கழுவித் துண்டால் ஒற்றி எடுத்தால், முடி முன்பைவிட விறைப்பாக நிற்கும். சீப்பு பட்டால் சத்தம் கேட்கும். காய்ந்த சேமியாவைக் கையால் நொறுக்குவார்களே, அந்தச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் டெல் கண்ணை மூடித் திறப்பாள். நான் வேகவேகமாக ஏதாவது பேசுவேன்.

டெல் அப்போது என் வீட்டில் இருந்தாள். கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கம், ஏரிக்காற்று நேராக வந்து மோதுகிற இரண்டாவது மாடி. ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு, தொண்ணூற்றாறு ஜனவரி கடைசியில் வந்தாள். இதயம் தளர்ந்துவிட்டது, இனி மருந்து தாங்குகிற வரைதான் என்றார்கள். கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னபோது டெல்லும் பக்கத்தில்தான் இருந்தாள். என் பக்கம் திரும்பி, "நல்லதாப் போச்சு மார். இந்த வருஷம் ஏ.சி. ரிப்பேர் பண்ண வேண்டாம்," என்றாள். அவளுக்கு மார்வெல்லா என்ற நான் எப்போதும் மார்தான்.

சாவைப் பற்றி அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் பேசியதெல்லாம் தலைமுடியைப் பற்றித்தான்.

"கையை உள்ள விட்டா போகணும்டி. அவ்ளோதான் கேக்கறேன். இப்போ விட்டா முள்வேலியில விட்ட மாதிரி இருக்கு."

மருத்துவமனைத் தலையணை ஏழு வாரம் அந்த முடியிலிருந்த ஈரத்தை உறிஞ்சியிருந்தது. மாத்திரைகளும் தம் பங்குக்குச் செய்திருந்தன. ஆனால் முடி கெட்டது அங்கே இல்லை. அது எனக்குத் தெரியும். இன்னொருத்திக்கும் தெரியும். டெல்லுக்கு மட்டும் தெரியாது.

எங்கள் அம்மா துணி வெளுக்கும் ஆலையில் வேலை செய்தாள். விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அதனால் எனக்குப் பத்து வயது, டெல்லுக்கு ஆறு வயது ஆனதிலிருந்து அவள் தலை என் பொறுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளை என் முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, இரும்புச் சீப்பைச் சூடாக்கி, கறுப்பினத்தாரான எங்கள் சுருட்டை முடியை ஒவ்வொரு பிரிவாக இழுத்து நேராக்குவேன். பிறகு நேராக்கும் க்ரீம் வந்தது. சீப்பு போய்ப் பிரஷ் வந்தது. நாற்காலி மாறவில்லை. முப்பத்தாறு வருடம். நாற்பத்திரண்டு வயதில் அவள் ரொனெட்டா என்ற சின்னப் பெண்ணின் சலூனுக்குப் போக ஆரம்பித்தாள்.

"உனக்குக் கை வலிக்குமேன்னுதான் மார்," என்றாள்.

"நல்லது," என்றேன். எனக்கு அது நல்லதாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, வகிடு கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளும் கோணலாக இருந்ததில்லை.

தொண்ணூற்றைந்து செப்டம்பரில் டெல்லுக்குத் தேன் நிறத்தில் முடி வேண்டுமென்று ஆசை வந்தது. துணைக்கு நானும் சலூனுக்குப் போனேன். ரொனெட்டா ப்ளீச் செய்து முடித்து, அவளை உலர்த்தும் யந்திரத்துக்கு அடியில் உட்காரவைத்தாள். யந்திரம் பஸ் மாதிரி இரைந்தது. ரொனெட்டா கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மிஸ் மார்வெல்லா, எட்டு வாரத்துக்கு க்ரீம் வேண்டாம். ப்ளீச் பண்ண முடி அதைத் தாங்காது. இப்போ சொன்னா அவங்க காதுல விழாது. நீங்க மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றேன். டெல் வெளியே வந்தபோது ரொனெட்டா அடுத்த தலைக்குப் போயிருந்தாள்.

மறந்தேன் என்று சொன்னால் இந்தக் கதை எனக்கு எளிதாக இருக்கும். மறக்கவில்லை. மூன்றாவது வாரம் சர்ச் பாடகர் குழுவின் ஆண்டுவிழா வந்தது. டெல்தான் தனியாகப் பாட வேண்டும். வேர்ப்பக்கம் சுருண்டு கிளம்பியிருந்தது. ரொனெட்டாவிடம் அந்த வாரம் நேரம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் டெல் கடையில் வாங்கிய க்ரீம் டப்பாவோடு என் வாசலில் நின்றாள்.

"மார், உன் அடுப்படி நாற்காலி இன்னும் இருக்கா?"

அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் நான் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தேன். எட்டு வாரம் என்பது தொண்டைவரை வந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவாள். சொல்லவில்லை. வேரில் மட்டும் பூசியிருந்தாலாவது பாதி பிழைத்திருக்கும். பழைய கையல்லவா, நுனிவரை இழுத்துவிட்டேன்.

"எரியுது மார்."

"எரிஞ்சாத்தான் நேராகும்," என்றேன். எங்கள் பெண்கள் எல்லாரும் சொல்வதுதான். "இன்னும் அஞ்சு நிமிஷம். பின்னாடி இன்னும் சுருண்டிருக்கு."

ஞாயிறன்று அவள் முடி கண்ணாடி மாதிரி விழுந்தது. புதன்கிழமை சீப்போடு வர ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரம் பிடரியில் ஒரு கைப்பிடி இல்லை. டெல் நேராகச் சலூனுக்குப் போனாள், நான் பின்னால் ஓடினேன். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்கள் முன்னாலும் சத்தம் போட்டாள்.

ரொனெட்டா சீப்பைக் கீழே வைத்தாள். "உங்க அக்காகிட்ட சொன்னேனே மிஸ் டெல்ஃபின். எட்டு வாரம் க்ரீம் கூடாதுன்னு."

டெல் திரும்பினாள். நான் எங்கள் இருவர் கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தேன்.

"சொன்னாளா மார்?"

"இல்லை," என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. டெல்லுக்கு நல்ல குரல் வளம், பாட்டுக்கு மட்டுமல்ல. ஒரே மாதத்தில் எங்கள் சர்ச்சிலிருந்து ஒருத்திகூட ரொனெட்டாவிடம் போகவில்லை. டிசம்பரில் டெல் மாடிப்படியில் மூச்சுக்குத் திணறி உட்கார்ந்தாள். அதன்பிறகு மருத்துவமனை.

ஆக, பிப்ரவரியில் நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தது வைத்தியம் மட்டுமில்லை. முடி சரியாகிவிட்டால் அந்த "இல்லை"யும் எப்படியோ கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை டெல் சொன்னாள். "அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

"எந்தப் பொண்ணை?"

"ரொனெட்டாவை. கெடுத்தவளே சரி பண்ணட்டும்."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினேன். அவள் வந்தால் வாயைத் திறப்பாள். திறந்தால் முடிந்தது. டெல்லுக்கு நான் ஒருத்திதான், எனக்கு அவள் ஒருத்திதான். இருக்கிற சில வாரமும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டால்?

"ரோடெல்லாம் பனி," என்றேன் செவ்வாயன்று. "ஃபோனை எடுக்க மாட்டேங்கறா," என்றேன் புதனன்று.

"நீ டயல் பண்ற சத்தமே கேக்கலையே."

"நீ தூங்கும்போது பண்ணேன்."

"நான் எங்கடி தூங்கறேன்?"

வியாழக்கிழமை காலை சிக்கு எடுக்கும்போது, காதுக்குப் பின்னாலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கொத்து அப்படியே என் கைக்கு வந்துவிட்டது. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என் முடியை என்கிட்டயே திருடறியா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நல்லா கேளு மார். என்னைப் பெட்டியில வெச்சுத் திறந்து வைப்பாங்க. நம்ம சர்ச்சு பெர்னடீன் குனிஞ்சு பார்ப்பா. அவ பார்க்கற தலை இப்படி இருக்கக் கூடாது."

மதியம் பஸ் ஏறினேன்.

சலூனில் நான்கு நாற்காலிகள். மூன்று காலி. ரொனெட்டா சுத்தமாக இருந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். என்னைப் பார்த்ததும் துடைப்பம் நிற்கவில்லை.

"வழி தப்பி வந்துட்டீங்களா மிஸ் மார்வெல்லா?"

"டெல்லுக்கு உடம்பு சரியில்ல."

"தெரியும். நானும் அவங்களுக்காக ஜெபம் பண்றேன். என் சர்ச்சுல."

"தலை ரொம்ப மோசமா இருக்கு. நீ வரணும்."

இப்போதுதான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "வரணும். வந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதைக் கேக்கத்தானே ஃபோன்ல பேசாம நேர்ல வந்தீங்க?"

நான் கைப்பையை மறு கைக்கு மாற்றினேன்.

"சொல்ல மாட்டேன். உங்களுக்காக இல்ல. ஒரு தடவை சொல்லிட்டேன், எல்லார் முன்னாடியும். யாரும் நம்பல. இன்னொரு தடவை அதைச் சொல்லி நிக்க எனக்கு வெக்கமா இருக்கு. அதை நீங்கதான் சொல்லணும்."

"எப்போ?"

"அது உங்க பாடு. சனிக்கிழமை எட்டு மணிக்கு வரேன்." கதவைத் திறந்துவிட்டாள். என் கோட்டுப் பக்கம் மூக்கைச் சுளித்தாள். "அதுவரைக்கும் அந்த முட்டையை நிறுத்துங்க. இங்க வரைக்கும் நாறுது."

சனிக்கிழமை எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டாள், இரண்டு பைகளோடு. டெல் நாற்காலியில் நிமிர்ந்து, விருந்தாளியை வரவேற்கும் பாஸ்டர் மனைவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ரொனெட்டா அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஒரு பிரிவை விரலில் உருட்டினாள். முகர்ந்தாள்.

"முட்டை, மயோனைஸ்... இந்தத் தலையில யாரு உருளைக்கிழங்கு சாலட் பண்ணது?"

டெல் சிரிக்கக் கூடாதென்றுதான் இருந்தாள். முடியவில்லை. சிரித்து, இருமி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள்.

"ஊறுகாய் மட்டும்தான் பாக்கி," என்றாள்.

"முட்டை முடியை இறுக்கும் மிஸ் டெல்ஃபின். தொங்கிப்போன முடிக்கு அது சரி. இது ஏற்கெனவே கட்டையாக் கிடக்கு. இதுக்குத் தண்ணிதான் வேணும்." என் பக்கம் திரும்பினாள். "தினமும் எண்ணெய் வேற வெச்சிருக்கீங்க, காஞ்ச முடியில. எண்ணெய் ஈரம் இல்ல. எண்ணெய் கதவு மாதிரி. தண்ணி உள்ள போனப்புறம்தான் சாத்தணும். நீங்க வெளியவே நிறுத்திச் சாத்திட்டீங்க."

சமையலறைத் தொட்டியில் டெல்லின் கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்தோம். வெதுவெதுப்பான தண்ணீர், சூடு கூடாது. நுரை வராத எதையோ போட்டு முட்டையை வெளியேற்றினாள். தலையை எட்டுப் பிரிவாகப் பிரித்தாள். ஒவ்வொரு பிரிவையும் சொட்டச் சொட்ட நனைத்து, கண்டிஷனரை உள்ளங்கை நிறைய எடுத்து, நுனியிலிருந்து மேலாக வழித்தாள். சீப்பைத் தொடவில்லை. முதலில் விரல். விரல் போனபிறகு அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியில் ஆரம்பித்து. இழுக்கவில்லை. சிக்கு வந்தால் நின்று, இன்னும் தண்ணீர் கேட்டாள். பிறகு பிளாஸ்டிக் தொப்பி, அதன்மேல் சூடான துண்டு. அந்தத் துண்டு ஆறுவதற்குள் அடுத்த துண்டு. அதுதான் என் வேலை. அடுப்புக்கும் நாற்காலிக்கும் நடந்தேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் இருவர் வாயையும் பார்த்தேன்.

அரைமணி கழித்துத் தொப்பியைக் கழற்றினால் கண்டிஷனர் இருந்த இடமே தெரியவில்லை.

"மொத்தத்தையும் குடிச்சிடுச்சு," என்றாள் ரொனெட்டா. இன்னொரு தடவை பூசினாள். அலசி, ஈரம் சொட்டும்போதே, நேராக்கும் க்ரீம் அல்ல, ஈரம் காக்கும் மெல்லிய க்ரீம், அதன்மேல் எண்ணெய். எட்டையும் முறுக்கிவிட்டு, பையிலிருந்து பட்டுத் தலையணை உறையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னாள். "இந்த வீட்டுக் காத்தே தாகமா இருக்கு."

கதவருகே, கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவதாக இருந்தேன். டெல்லுக்கு அன்று மூச்சு சரியில்லை. செவ்வாயன்று கீரையும் சோளரொட்டியும் ஆசையாகச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது எப்படிச் சொல்வது? புதனன்று அவள் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். வியாழனன்று தூங்கினாள். இப்படியே ஒரு வாரம் போயிற்று. அவள் அறைக்குப் போய் வாயைத் திறப்பேன்.

"என்ன மார்?"

"தண்ணி தெளிக்கட்டுமா?"

"இப்போதானே தெளிச்சே. என்னைச் செடின்னு நினைச்சியா?"

இரண்டாவது சனிக்கிழமை சீப்பு பாதிவரை தங்காமல் போயிற்று. நொறுங்கும் சத்தம் குறைந்துவிட்டது. ரொனெட்டா அதிகம் பேசவில்லை. டெல் பேசினாள், நடுவில் குத்திக்கொண்டே பேசினாள். "பார்த்தியா, பொறுமையா பண்ணா உனக்கு வேலை வருது. அன்னைக்கு என்ன அவசரமோ." ரொனெட்டாவின் தாடை இறுகியது. விரல்கள் மட்டும் மிருதுவாகவே ஓடின. துண்டைப் பிழியும்போது என் கையைச் சுட்டுவிட்டது. நல்லது என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை, மார்ச் இரண்டாம் தேதி. அலசி முடித்ததும் டெல் தானே கையைத் தூக்கி விரல்களை முடிக்குள் விட்டாள். போயின. ஐந்து விரலும் போய், மறுபக்கம் வந்தன. அவள் கண் நிறைந்தது.

"ரொனெட்டா," என்றாள்.

"சொல்லுங்க மிஸ் டெல்ஃபின்."

"நான் உன்னை ரொம்பப் பேசிட்டேன். நீ பண்ணது தப்புதான். சின்னப் பொண்ணு, அவசரம், சொல்ல மறந்திருப்பே. எனக்கு இனி நாள் அதிகம் இல்ல, இதையெல்லாம் சுமந்துக்கிட்டுப் போக இஷ்டமில்ல." கையை நீட்டி ரொனெட்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "உன்னை மன்னிச்சிட்டேம்மா. மனசார மன்னிச்சிட்டேன்."

ரொனெட்டாவின் கை தலையில் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

நான் சூடான துண்டோடு நடுவில் நின்றிருந்தேன்.

"அவளை மன்னிக்காத டெல்," என்றேன்.

"என்னது?"

"மன்னிக்காத. அவ எங்கிட்ட சொன்னா. எட்டு வாரம்னு சொன்னா. நீ யந்திரத்துக்கு அடியில இருந்தே. எனக்கு ஞாபகம் இருந்தது. நீ க்ரீம் டப்பாவோட வந்தப்பவும் ஞாபகம் இருந்தது."

முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு மூச்சு இல்ல," என்றாள் டெல் கடைசியில். "அதனால கத்தல. கத்தணும்னு இருக்கு. தெரிஞ்சுக்கோ."

"சரி."

"ஏன்டி?"

"நீ என் நாற்காலிக்குத் திரும்பி வந்தே. சொன்னா எழுந்து போயிடுவியோன்னு..."

"முடி போனாப் போகுது! நாலு மாசமா இந்தப் பொண்ணைச் சர்ச்சு முழுக்க நாறடிச்சிருக்கேன். இதோ இப்போ உக்காந்து, பெரிய மனுஷி மாதிரி, இவளை மன்னிச்சேன்! என் வாயால! கர்த்தர் முன்னாடி நான் எந்த மூஞ்சியோட போய் நிக்கறது?" மூச்சு வாங்கியது. ரொனெட்டா அவள் தோளைப் பிடித்தாள். டெல் கையை உதறினாள். "ஃபோனை எடு."

"டெல்..."

"ஃபோனை எடு. பெர்னடீன்ல இருந்து ஆரம்பி. நான் யார் யார்கிட்ட சொன்னேன்னு எனக்குத் தெரியும். ஏழு பேர்."

"வேண்டாம் மிஸ் டெல்ஃபின்," என்றாள் ரொனெட்டா.

"நீ உன் வேலையைப் பாரு. தலை சொட்டுது."

ஃபோனின் வயரை இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பெர்னடீன் மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"பெர்னடீன், நான் மார்வெல்லா. டெல்லோட முடி விஷயம். அது ரொனெட்டா தப்பு இல்ல. அவ எச்சரிச்சா. நான்தான் டெல்கிட்ட சொல்லல. அப்புறம் சலூன்ல பொய்யும் சொன்னேன்."

"என்ன சொன்னே? இரு, டி.வி. ஓடுது." போய்விட்டு வந்தாள். "ம், சொல்லு. யாரு பொய் சொன்னா?"

"சத்தமா சொல்லு," என்றாள் டெல். "அவளுக்கு இடது காது மந்தம், அந்தக் காதுலதான் ஃபோனை வெப்பா."

மறுபடி முழுவதும் சொன்னேன். பெர்னடீன் குரலைத் தாழ்த்தினாள். "டெல்லுக்குத் தெரியுமா?"

"பக்கத்துல உக்காந்திருக்கா."

"ஐயோ ஏசுவே," என்று வைத்துவிட்டாள்.

ஏழு பேரில் ஆல்தியா அழுதாள், எதற்கென்று எனக்கு இன்னும் தெரியாது. இன்னொருத்தி, எனக்கு அப்பவே சந்தேகம்தான் என்றாள். மற்றொருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நான் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு கொண்டுவருகிறேனா இல்லையா என்று கேட்டாள். ஏழாவது ஃபோனை வைத்தபோது ரொனெட்டா எட்டாவது முறுக்கை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியில் இறங்கும்போது நின்று மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அந்த வாரம் டெல் என்னிடம் ஒற்றைச் சொற்களில் பேசினாள். "மாத்திரை." "ஜன்னல்." "போதும்." தலையைத் தொட விடவில்லை. தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டாள். கையை உயர்த்தினால் இதயம் படபடக்கும் அவளுக்கு. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். நான்கு தடவை அழுத்துவாள். நிறுத்துவாள். நெடுநேரம் ஒன்றும் கேட்காது. உள்ளே போகலாமா என்று கைப்பிடியைத் தொடுவேன். மறுபடி இரண்டு தடவை. பிடரிக்குக் கை எட்டாது என்று எனக்குத் தெரியும். நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் குச்சியால் கூரையைத் தட்டினார்.

நான்காவது சனிக்கிழமை ரொனெட்டா எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்தாள். முடி வாழைத்தண்டு நார் மாதிரி ஈரமாக, கனமாக விழுந்தது. டெல் ஒரு பிரிவை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"இது இப்படியே இருக்குமா?"

"தினமும் தண்ணி காட்டினா இருக்கும். விட்டா ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடும்." ரொனெட்டா பொய் சொல்லத் தெரியாத பெண். "முடி புண் மாதிரி இல்ல மிஸ் டெல்ஃபின், ஆறாது. மிருதுவா வெச்சுக்கலாம், அவ்ளோதான்." தலையை ஒட்டி ஒரு பிரிவைப் பிடித்து, இரண்டரை அங்குலத்தில் விரலை வைத்தாள். "மாசத்துக்கு அரை அங்குலம். இந்த இடம் அக்டோபர். இதுக்குக் கீழ, தலை வரைக்கும், புதுசு. எதுவும் படாதது. உங்களுது. இதுக்கு மேல இருக்கறதெல்லாம் நாங்க பண்ணது."

நாங்க என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

டெல் அந்த அடிமுடியை விரலால் நெருடினாள். நெளிநெளியாக, சின்னச் சின்ன வளையங்களாக இருந்தது. ஆறு வயதுக்குப் பிறகு அவள் அதை அப்படியே விட்டதில்லை. நான் விட்டதில்லை.

"அப்போ வெட்டு," என்றாள்.

"டெல், பெர்னடீன் பார்ப்பான்னு நீதானே..."

"பார்க்கட்டும். உயிரோட இருக்கும்போதே பார்க்கட்டும்." ரொனெட்டா கத்தரியை எடுத்தாள். டெல் கையை உயர்த்தித் தடுத்தாள். "நீ இல்ல. அவ."

நான் ஓர் அடி பின்னால் போனேன். "என்னால முடியாது."

"முப்பத்தாறு வருஷம் அந்தத் தலையில ஏறி உக்காந்திருந்தியே, அப்போ முடிஞ்சதா? வா."

ரொனெட்டா கத்தரியை என் கையில் வைத்துவிட்டு, முதல் பிரிவை இரண்டு விரலுக்கிடையே பிடித்து, எங்கே என்று காட்டினாள். ஈரமுடி கத்தரிமுனையில் வழுக்கியது. இத்தனை வாரம் பாடுபட்டு மிருதுவாக்கிய முடி.

"டெல், இன்னும் கோவமா?"

"ஆமா," என்றாள். "வெட்டு."

வெட்டினேன். தேன் நிறத்தில் ஒரு முழ முடி என் செருப்பின்மேல் விழுந்தது. "இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றாள் ரொனெட்டா. "பயப்படாதீங்க, தலை கீழ இருக்கு." எட்டுப் பிரிவு முடிய ஒரு மணிநேரம் ஆயிற்று. ரொனெட்டா தண்ணீர் தெளித்தாள். நேராகத் துருத்தி நின்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருண்டு தலையோடு ஒட்டிக்கொண்டது. அந்த மெல்லிய க்ரீம் ஒரு துளிதான் தேவைப்பட்டது. அது வழியவும் இல்லை, மறையவும் இல்லை. முடி அதை ஏற்றுக்கொண்டு மின்னியது.

கண்ணாடியைக் கொடுத்தோம். டெல் ரொம்ப நேரம் பார்த்தாள். காதைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடக் கடவுளே," என்றாள். "அப்பாவோட தலை!"

நிஜமாகவே அப்பாவின் தலைதான். மூன்று பேரும் சிரித்தோம். டெல் மூச்சு வாங்குமளவுக்குச் சிரித்து, மாத்திரை கேட்டாள்.

அதன்பிறகு ஆறு வாரம் இருந்தாள். குருத்தோலை ஞாயிறன்று சக்கர நாற்காலியில் சர்ச்சுக்குப் போனோம். பெர்னடீன் நன்றாகக் குனிந்து பார்த்தாள். டெல் தொப்பியைக் கழற்றி, தலையை இன்னும் கொஞ்சம் காட்டினாள். ரொனெட்டாவின் சலூனில் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் நாற்காலி காலியில்லை என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

வெட்டிய மறுநாள் காலை டெல் அறையிலிருந்து, "தண்ணி!" என்று குரல் வந்தது. குடிக்கத்தான் கேட்கிறாள் என்று தம்ளரோடு ஓடினேன். படுக்கையில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தாள். பாட்டில் மேஜைமேல் இருந்தது. எடுத்துத் தெளித்தேன். தினமும் அப்படித்தான் ஆயிற்று. "தண்ணி!" என்பாள். அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் போவேன். கோபம் போயிற்றா என்று மறுபடி கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் பாட்டிலைக் கீழே வைக்கப்போகும்போது, குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "பின்னாடி விட்டுட்டே," என்பாள். விட்டிருக்க மாட்டேன். இருந்தாலும் இன்னொரு தடவை தெளிப்பேன்.